அகழ்வுக் குழியில் நிற்பவருக்கும் லீவு உண்டு: கொழும்பில் தொல்பொருளியல் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொல்பொருளியல் படித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் மண்ணடுக்கைப் பற்றிக் கேட்பது குறைவு. "அக்கா, எனக்கு லீவு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அது நல்ல கேள்வி. ஏழு எட்டு வருடம் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவி வேலை செய்தவள் நான். லீவு என்றால் மேலே இருப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது என்று முதல் மூன்று வருடம் நம்பியிருந்தேன். அது அப்படியில்லை. நாம் உழைத்துச் சேர்ப்பது அது. இதைப் புரிந்துகொள்ளும் முன் நான் இழந்த நாட்களை இந்தப் பிள்ளைகளும் இழக்கக்கூடாது என்பதற்காகவே, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதி வைக்கிறேன்.

இலங்கையில் தொல்பொருளியலாளருக்கென்று தனியாக லீவுச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. தேயிலை, ஆடை, கட்டடம் போன்ற தொழில்களுக்கு 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சபைகள் உண்டு. அகழ்வு வேலைக்கென்று அப்படி ஒரு சபை இல்லை. தொல்பொருளைக் காக்க 1940 இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அது மண்ணுக்குள் இருப்பதைக் காக்கிறது. மண்ணைத் தோண்டுகிறவரின் லீவைப் பற்றி அறிய வேறு சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் பட்டம் என்ன என்பதை விட, நியமனக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதுதான் முக்கியம். அரச ஊழியர் என்றால் அரச சேவையின் விதிப்புத்தகமான தாபன விதிக்கோவை. தனியார் நிறுவனத்தின் அலுவலகத்தில் மாதச் சம்பளம் என்றால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். ஒரு திட்டத்துக்காகக் குறுகிய கால ஒப்பந்தம் என்றால் அந்தக் கடதாசியில் எழுதியிருப்பதும், அதை மீறியும் சட்டம் தருவதும். ஒரே குழியில் இந்த மூன்று வகையினரும் தோளோடு தோள் நின்று வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மூவருக்கும் மூன்று லீவுக் கணக்கு.

தொல்பொருள் திணைக்களத்தில் நிரந்தர நியமனம் கிடைத்திருக்கிறது. எத்தனை நாள்?

வருடத்துக்கு 24 நாள் ஓய்வு லீவு, 21 நாள் அமைய லீவு. அமைய லீவைத்தான் எல்லோரும் கெஷுவல் என்கிறோம். இரண்டும் சேர்த்து 45. பொது விடுமுறைகள் இதற்கு வெளியே. 1890 இல் தொடங்கிய திணைக்களம் அது, லீவுப் படிவம் முதல் லீவுப் புத்தகம் வரை எல்லாவற்றுக்கும் அங்கே ஒழுங்கு இருக்கிறது. நிரந்தரமானவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய சிக்கல் வருவதில்லை.

அமைய அடிப்படையிலோ பதிலாளாகவோ எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. 1980 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியத்திலோ பல்கலைக்கழகத் திட்டமொன்றிலோ சேருகிறீர்கள் என்றால், கடிதத்தில் எந்த விதிக்கோவையைச் சொல்லியிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தனியார் ஆலோசனை நிறுவனம். கொழும்பில் அலுவலகம், வேலை மாவட்டங்களில். முதல் வருடம் எனக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் காலண்டர் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. அமைய லீவு மட்டும் உண்டு. முழுதாக முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். இரண்டாம் வருடத்திலிருந்து அது வருடத்துக்கு 7 நாள்.

இரண்டாம் வருடத்து வருடாந்த லீவு, நீங்கள் முதல் வருடத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைக்குள் சேர்ந்தால் 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10. ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்றால் 7. ஒக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் 4. மூன்றாம் வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14.

ஒரு உதாரணம். பெப்ரவரி 2 ஆம் தேதி சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் முடிவதற்குள் 5 நாள் அமைய லீவு. அடுத்த வருடம் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும். அதே ஆள் ஏப்ரல் 2 ஆம் தேதி சேர்ந்திருந்தால் அடுத்த வருடம் 10 நாள்தான். இரண்டு மாதத் தள்ளிப்போடலில் நான்கு நாள் போய்விடுகிறது. "மார்ச் முடியட்டும், ஏப்ரலில் கடிதம் தருகிறோம், அதுவரை வந்து வேலையைப் பழகுங்கள்" என்று சொல்வார்கள். பழகுவதற்குப் போகும் நாளே வேலைக்குச் சேர்ந்த நாள். அந்தத் தேதியைக் கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளாவது தொடர்ச்சியாக எடுக்க இடம் இருக்க வேண்டும். வெயிலில் நான்கு மாதம் குனிந்து நின்ற முதுகுக்கு, ஒன்றும் இரண்டுமாகக் கிள்ளிக் கொடுக்கும் லீவு போதாது. ஊருக்குப் போய் ஒரு வாரம் அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

ஆறு மாத ஒப்பந்தம்தான். "ஒப்பந்தக்காரருக்கு லீவு இல்லை" என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. ஒப்பந்தம் குறுகியது என்பதால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வரும் வேலை என்றால் ஆறு மாதத்துக்கு 3 நாள் அமைய லீவு, வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு, போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாட்கள், சட்டம் சொல்லும் மற்ற விடுமுறைகள் எல்லாம் உண்டு. வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் அந்த ஒன்றரை நாளும் சம்பளத்தோடுதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என்னுடைய முதல் பெரிய வேலை பதினொரு மாத ஒப்பந்தம். வட மத்திய மாகாணத்தில் முகாம், சம்பளம் கொழும்பிலிருந்து வரும். முடிவில் கணக்குப் பகுதிக்குப் போய், போயா நாட்களில் வேலை செய்ததற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். "நீங்க கொன்ட்ராக்ட், உங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றார்கள். என்னிடம் நியமனக் கடிதத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்துத் திரும்பி வந்தேன். வெள்ளவத்தை அறையில் பெட்டியைப் பிரித்தபோது சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்று வந்தது. குழியின் அளவுகளைக் குறிக்க வைத்திருந்தது. தினமும் தேதி, தொடங்கிய நேரம், எத்தனை சென்டிமீற்றர் இறங்கினோம், என்ன மட்பாண்ட ஓடு கிடைத்தது என்று எழுதியிருந்தேன். போயா நாட்களில் எங்கள் சமையல்கார ஐயா மீன் சமைக்க மாட்டார். அந்த நாட்களிலெல்லாம் தேதிக்குப் பக்கத்தில் "இன்று மீன் இல்லை" என்று சின்னதாக எழுதி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது.

அந்தக் கொப்பியோடு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போனேன். சில மாதம் அலைந்தேன். ஒன்பது நாளுக்கும் பணம் வந்தது. வார ஓய்வு நாட்களில் எத்தனையோ நாள் வேலை செய்திருந்தும் அதற்கு ஒரு சதமும் வரவில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை என்று நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஓய்வு நாளில் குழியைத் திறக்கச் சொன்னவர் யார் என்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு என்னுடைய கொப்பியில் கிழமை இல்லாமல் தேதி இல்லை.

ஒப்பந்தம் முடிந்து சில நாளில் அதே இடத்தில் புதிய ஒப்பந்தம் போடும் வழக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதல் வருடம் என்று கணக்கு புதிதாகத் தொடங்கும், 14 நாள் ஒருபோதும் வராது. இப்படி நடந்தால் எல்லாக் கடிதங்களையும் தேதி வரிசையில் பத்திரப்படுத்துங்கள். வேலை உண்மையில் இடைவிடாமல் நடந்ததா என்பதைக் காட்ட அவைதான் சாட்சி. முந்தைய வருட வேலையால் சேர்ந்த வருடாந்த லீவை எடுக்காமலே வேலை முடிகிறது என்றால், அந்த நாட்களுக்கான பணத்தைக் கேளுங்கள்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அது சட்டப்படியான விடுமுறை இல்லையா?

அரச அலுவலகத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை. தனியார் துறைக்கு, அதாவது மேர்கன்டைல் பட்டியலில், தீபாவளி இல்லை. மகா சிவராத்திரியும் இல்லை. பெரிய வெள்ளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இதே நிலைதான். கடை, அலுவலக ஊழியர்களுக்கான எட்டு நாட்கள் இவை: தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார். இவற்றோடு போயா நாட்கள்.

ஆகவே திணைக்களத்தில் இருக்கும் தமிழ் உத்தியோகத்தர் தீபாவளிக்கு வீட்டில் இருப்பார். அவர் பக்கத்தில் நின்று அதே குழியை அளந்த தனியார் நிறுவனத்துப் பிள்ளை தன் அமைய லீவில் ஒரு நாளைக் கொடுத்துத்தான் பண்டிகை கொண்டாட வேண்டும். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இப்போதைய சட்டம் அதுதான். வேலைத்திட்டம் போடும்போதே தீபாவளி வாரத்தைக் குறித்துக் கொடுத்து, ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் லீவு கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் "மழைக்கு முன்னர் குழியை மூட வேண்டும்" என்று சொல்வார்கள். ஒக்டோபர், நவம்பரில் அது பொய்யும் இல்லை.

போயா அன்றும் பொங்கலன்றும் வேலை செய்யச் சொன்னால்?

இரண்டும் வேறு வேறு கணக்கு. போயா நாளுக்கு 1971 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம்: அன்றைய நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்கு வீதம். தைப்பொங்கல் போன்ற எட்டு நாட்களுக்கு: இரட்டைச் சம்பளம், அல்லது அந்த வருடம் டிசம்பர் 31 க்குள் சம்பளத்தோடு மாற்று நாள்.

மாதம் 75,000 ரூபா வாங்குபவருக்கு ஒரு நாள் 2,500. போயா அன்று 3,750 வீதம். பொங்கல் அன்று 5,000, இல்லையென்றால் வேறொரு நாள் ஓய்வு. வருடத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று போயா வரும். ஆறு மாத முகாமில் ஆறு போயாவும் வேலை செய்தால் அது சின்னத் தொகை இல்லை. மாற்று நாள் தருகிறோம் என்று வாயால் சொன்னதை அன்று மாலையே "இன்று பொங்கல் வேலைக்குப் பதிலாக மாற்று நாள் தருவதாகச் சொன்னீர்கள்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துவிடுங்கள். பணிவாக எழுதினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மாலையில் முகாமில் ஓடு கழுவி இலக்கம் போடுகிறோம். அது ஓவர்டைமா?

வேலைதான். சட்டப்படி சாதாரண நாள் 8 மணித்தியாலம், வாரம் 45. அதற்கு மேல் ஓவர்டைம், வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வாங்கக்கூடாது. மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலம், அதன் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். 75,000 க்கு மணித்தியாலம் 312.50, ஓவர்டைம் 468.75.

காலை ஆறரைக்கு தறப்பாளை எடுத்துவிட்டு இறங்குகிறோம். வெயில் ஏறினால் பதினொன்றரைக்கு மேலே வந்து, பின்னேரம் மீண்டும் இறங்கி ஐந்து மணிக்குச் சாந்தகப்பையைக் கழுவி வைக்கிறோம். அதற்குப் பிறகு விறாந்தையில் பேசினை வைத்து, பழைய பல்துலக்கியால் ஓடுகளைத் தேய்த்து, பத்திரிகைத் தாளில் காயவைத்து, ஒவ்வொன்றிலும் நுண்ணிய எழுத்தில் இலக்கம் போட எட்டு மணி ஆகிவிடும். பாட்டுக் கேட்டுக்கொண்டு, கதைத்துச் சிரித்துக்கொண்டு செய்வதால் அது வேலை மாதிரித் தெரிவதில்லை. ஆனால் அந்த இலக்கம் தவறினால் அடுத்த நாள் திட்டு வாங்குவது நீங்கள்தான். திட்டு வாங்கக்கூடிய எதுவும் வேலைதான் என்பது என்னுடைய அளவுகோல்.

நிர்வாகத் தரத்தில் இருப்பவர்களுக்குப் பொதுவாக ஓவர்டைம் கிடைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, ஆறு மாத அனுபவம் உள்ளவருக்கும் "முகாமையாளர்" என்று பட்டம் வைத்துவிடுகிறார்கள்.

சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கிறதா?

நாட்டில் எல்லோருக்கும் பொதுவான அடிமட்டம் ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் தொடங்கும்போது அது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400. பல தடவை கூட்டி, 2025 ஏப்ரலில் மாதம் 27,000 உம் நாளுக்கு 1,080 உம் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200.

அரச சேவையில் மிகக் கீழ்ப் படியின் அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தடவையாக அது வந்து சேரும். பட்டதாரிக்கு இதைவிட மேலான படிநிலை உண்டு.

அகழ்வாளருக்கு இவ்வளவு, வரைபடம் வரைபவருக்கு இவ்வளவு, குழிக்குப் பொறுப்பானவருக்கு இவ்வளவு என்று தொழிலுக்குள் நாமே ஒத்துக்கொண்ட அட்டவணை நம்மிடம் புழக்கத்தில் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தனியாகப் பேரம் பேசுகிறோம், பேசத் தெரியாதவர் குறைவாக வாங்குகிறார். என்னுடைய யோசனை: அதே பட்டத்துக்கு அரச சேவை தரும் ஆரம்பச் சம்பளத்தையும் படிகளையும் கூட்டிப் பார்த்து, அதற்குக் குறையாமல் கேளுங்கள். ஒப்பந்த வேலைக்கு ஓய்வூதியமும் 45 நாள் லீவும் கிடையாது. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்களோடு சம்பளத்தைப் பேசுங்கள். அதை மறைப்பதால் லாபம் நமக்கில்லை.

தோண்ட வரும் ஊர்க்காரர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். குறைந்தபட்ச நாட்சம்பளம் அவர்களுக்கும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈபிஎஃப், தற்காலிக ஊழியருக்கும் அமைய ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. மண்ணின் நிறம் மாறுவதை நமக்கு முன் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். அரிதட்டில் ஒரு கண்ணாடி மணி தப்பினால் அவர்கள் கண்ணுக்குத்தான் படும். கூலிப் பட்டியலை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் நம்மைப் போன்ற இளையவர்களிடம்தான் வரும். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை எல்லாவற்றையும் சரியாக எழுதுங்கள். "மணியண்ணை, 5 நாள்" என்று எழுதிய பட்டியலை வைத்து யாரும் நிதியத்தில் கணக்குத் திறக்க முடியாது.

ஈபிஎஃப், ஈடிஎஃப் எவ்வளவு? களப்படியிலும் கழிக்கலாமா?

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதியத்துக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அதற்கு மேல் தொழில் தருநர் 12 வீதம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, அதாவது ஈடிஎஃப்புக்கு, 3 வீதம், அது முழுவதும் அவர்கள் பணம், உங்களிடம் கழிக்கக்கூடாது. 12 ஐயும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்துவிட்டு "இருபதும் கட்டுகிறோம்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவும் உணவுப்படியும் இந்தக் கணக்கில் சேரும். ஓவர்டைம் சேராது. பஸ் கட்டணம் போலச் செலவைத் திருப்பித் தருவது சம்பளம் இல்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி, மிச்சத்தைப் படி என்று பெயர் மாற்றித் தருவது ஏன் என்று இப்போது விளங்கும்.

என்னைக் "கன்சல்டன்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். லீவு இல்லை, ஈபிஎஃப் இல்லை. 5 வீதம் வரி மட்டும் கழிக்கிறார்கள்.

மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கும் சுயாதீன ஆலோசகரிடம்தான் அந்த 5 வீதம் பிடிக்கப்படும். நீங்கள் உண்மையில் ஆலோசகரா என்பதை அந்தச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்களா? கருவி அவர்களுடையதா? உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா? லீவுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? தினமும் அவர்கள் சொல்லும் குழியில் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு இறங்குபவர் ஊழியர்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் நாணயவியல் நிபுணர் ஆலோசகர். நீங்கள் இதில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மழையால் வேலை நின்றால்?

மாதச் சம்பளக்காரருக்கு மழை நாள் லீவு நாளாகாது, அன்றைக்கும் சம்பளம் உண்டு. உங்கள் வருடாந்த லீவில் கழிக்க முயன்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாட்சம்பளக்காரருக்கு, வந்து நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் என்ன தருவார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி எழுத வேண்டும். வடக்கு கிழக்கில் நவம்பர், டிசம்பரில் வேலை வைக்கும் எவரும் மழையை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது.

களத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ லீவு?

84 வேலை நாட்கள், சம்பளத்தோடு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. ஒப்பந்தம் அந்த மாதத்தில் முடிகிறது என்று திடீரெனத் தேதியை முன்னுக்கு இழுத்தால் உடனே தொழில் காரியாலயத்துக்குப் போங்கள்.

குழி இடிந்தோ பாம்பு கடித்தோ படுத்தால் அதையும் லீவில் கழிப்பார்களா?

வேலையால் வந்த காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது லீவுக் கணக்கு இல்லை, நட்டஈட்டுக் கணக்கு. ஆஸ்பத்திரியில் "வேலைத்தளத்தில் நடந்தது" என்று பதிவாக வேண்டும். வலியில் "சும்மா விழுந்திட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

பிரிட்டனில் அகழ்வு வேலைக்குப் போகிறேன். அங்கே எப்படி?

அங்கே 1998 ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள். எல்லா ஊழியருக்கும் வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு லீவு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள். வங்கி விடுமுறைகளை அந்த 28 க்குள் அடக்கவும் சட்டம் விடுகிறது, ஆகவே ஒப்பந்தத்தில் "வங்கி விடுமுறை தவிர" என்றிருக்கிறதா "உட்பட" என்றிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நேரம் ஒழுங்கில்லாதவர்களுக்கு, 2024 ஏப்ரல் 1 க்குப் பிறகு தொடங்கும் லீவு வருடத்திலிருந்து, செய்த மணித்தியாலத்தின் 12.07 வீதமாக லீவு சேர்கிறது. முதல் நாளிலிருந்தே சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் போல முதல் வருடம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

அதோடு அங்கே தொல்லியலாளருக்கென்று தொழில்சார் அமைப்பு ஒன்று இருக்கிறது, 1982 இல் தொடங்கி 2014 இல் அரச பட்டயம் பெற்ற பட்டயத் தொல்லியலாளர் நிறுவகம். தொழில்புரிநர், இணை உறுப்பினர், உறுப்பினர் என்ற மூன்று தரத்துக்கும் குறைந்தபட்சச் சம்பளப் பரிந்துரையை வெளியிடுகிறது. சம்பளத் தொகையை மட்டும் சொல்லி விடாமல், வாரம் 37.5 மணித்தியாலம், பொது விடுமுறை தவிர 25 நாள் லீவு, தொழில் தருநரின் 6 வீத ஓய்வூதியப் பங்கு, நோய் லீவு என்று மொத்தப் பொதியாகச் சொல்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தால் சம்பளம் அதற்கேற்பக் கூட வேண்டும். நம் இளையவர்கள் பேரம் பேசும்போது இந்த முறையைத்தான் நான் பழகச் சொல்கிறேன்.

யாரிடம் முறையிடுவது? தமிழில் எழுதலாமா?

உங்கள் பகுதித் தொழில் காரியாலயம், அல்லது நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களம். தமிழ் அரச கரும மொழி, அரசியலமைப்பில் உள்ள உரிமை. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். நியமனக் கடிதத்தின் பிரதி, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, அடையாள அட்டைப் பிரதி, உங்கள் கொப்பி. பிரதிகளைக் கொடுத்து மூலத்தைக் கையில் வைத்திருங்கள்.

வேலையை விட்டு நீக்கினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, அங்கே பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை.

இப்படியெல்லாம் கேட்டால் அடுத்த அகழ்வுக்குக் கூப்பிட மாட்டார்களே?

இந்தப் பயம் நியாயமானது. நம்முடைய தொழில் சின்னது. கொழும்பு 7 இல் தொல்பொருள் திணைக்களம், 1877 இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், களனிப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பு நிறுவகம் என்று ஒரு பின்னேரத்தில் சுற்றிவந்தால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். என்னையும் ஒரு இடத்தில் இரண்டு வருடம் கூப்பிடவில்லை. அது வலித்தது. வேறு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், அதில் ஒருவர் என் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டே கூப்பிட்டார், தன் குழியின் பதிவுகளை அப்படி வைத்திருக்க ஆள் வேண்டும் என்று.

வேலை முடிந்த பிறகு சண்டை போடுவதை விட, சேரும் முன் கேட்பது எளிது. நான் இப்போது கேட்பவை இவ்வளவுதான்: என் முதல் நாள் எது? அமைய லீவு எத்தனை? போயாவில் வேலை உண்டா, உண்டென்றால் வீதம் என்ன? முகாமில் வார ஓய்வு எந்த நாள்? இதில் ஒன்றுக்கேனும் எழுத்தில் பதில் வராவிட்டால், நானே பதிலை எழுதி "நாம் பேசியபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுவேன். மறுப்பு வராத அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.